ஸ்கான் 'நோர்மல்' என்று வந்திருக்கிறது, ஆனால் வலிப்பு வந்தால் மூளையின் முன்பக்கம் சுருங்கும் என்கிறார்களே?

சாமிமலைக்காரி

விளக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தம்பிக்கு இந்த வருஷம் உயர்தரம், கணிதப் பிரிவு. கொஞ்சக் காலமாகவே காலையில் எழும்பியதும் கை வெட்டி வெட்டி இழுக்கும். பிளேன்டீயைக் கையில் கொடுத்தால் பாதி தரைக்குப் போகும், பல் துலக்கும்போது பிரஷ் கையை விட்டுப் பறக்கும். அம்மா "உனக்குக் கவனமே இல்லை" என்று ஏசுவார், அவ்வளவுதான். அப்புறம் மாதிரிப் பரீட்சைக்காக விடிய விடியப் படித்துவிட்டு எழும்பிய ஒரு காலையில் லயத்து வாசலிலேயே விழுந்து முழு வலிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் காம்பறா மாமா சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார், இன்னொருவர் வாய்க்குள் கரண்டி வைக்கப் பார்க்கிறார், அந்த அமளியை நினைத்தால் இப்பவும் உடம்பு நடுங்குகிறது.

ஆஸ்பத்திரியில் தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிகிற ஈ.ஈ.ஜி. எடுத்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். காந்தத்தால் மூளையைப் படமெடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கானும் காத்திருந்து எடுத்தாயிற்று. அறிக்கையில் ஒரு குறையும் இல்லை, நோர்மல். கிளினிக் கொப்பியில் 'இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். டொக்டரிடம் விளக்கமாகக் கேட்க முடியவில்லை, எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது.

இப்போது சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். வலிப்பு உள்ளவர்களுக்கு மூளையின் முன்மடல் சுருங்குமாம், குணம் மாறுமாம், முடிவெடுக்கிற திறமை போய்விடுமாம், வண்ண வண்ணமாகப் படமும் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தம்பி புத்தகத்தைத் தொடவில்லை. எங்களுடைய அறிக்கை பொய்யா, இல்லை வீடியோ பொய்யா?

உண்மைவிளம்பி

வீடியோதான் பொய். ஸ்கானில் இல்லை என்றால் இல்லை, முடிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் இருப்பவர்களைப் பயமுறுத்துவது ஒரு பொழுதுபோக்கு. தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள்.

காந்த அறை

அப்படி ஒரே போடாகப் போட முடியாது. நான் எம்.ஆர்.ஐ. எடுக்கிற வேலையில் இருப்பவன். டொக்டர் இல்லை, அதனால் நோயைப் பற்றி நான் பேசவில்லை, படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எடுக்கிற படத்தை ஒரு கதிரியக்க வைத்தியர் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அவர் தேடுவது கட்டி, பழைய அடியின் தழும்பு, இரத்தக் குழாய்க் கோளாறு, பிறவியிலேயே மடிப்பு சரியாக அமையாத இடம், நினைவுக்கான ஹிப்போகம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருக்கிறதா என்பது போன்ற விஷயங்களை. அதாவது கண்ணுக்குத் தெரிகிற குறைகளை. 'நோர்மல்' என்றால் இவை எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். மூளையின் வேலையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தம்பிக்கு எழுதியிருக்கிற வகை வலிப்பில் சாதாரண எம்.ஆர்.ஐ. நோர்மலாகத்தான் வரும். உண்மையில் அதில் ஏதாவது தெரிந்திருந்தால்தான் டொக்டர் புருவத்தை உயர்த்தியிருப்பார், வேறு வகையாக இருக்குமோ என்று மறுபடி யோசித்திருப்பார்.

வீடியோவில் காட்டுகிற வண்ணப் படம் வேறு வேலை. அது ஒரு ஆளின் மூளை இல்லை. வலிப்பு உள்ளவர்கள் ஒரு கூட்டம், இல்லாதவர்கள் ஒரு கூட்டம் என்று இரண்டு பக்கமும் படமெடுத்து, எல்லா மூளைகளையும் கணினியில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி எங்கே கூட, எங்கே குறைவு என்று சராசரி பார்ப்பார்கள். வித்தியாசம் வந்த இடத்துக்குச் சிவப்பும் நீலமும் பூசுவார்கள். நிறம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அளவில் அது மில்லிமீட்டரில் ஒரு துண்டுதான். இரண்டு தோட்டத்துக் கொழுந்தை வருஷம் முழுக்க நிறுத்தால் சராசரியில் ஒரு வித்தியாசம் வரலாம், ஆனால் ஒரே ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்து இது எந்தத் தோட்டத்துக் கூடை என்று எடையை வைத்துச் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. தம்பி அந்த ஒரு கூடை.

மாத்திரைக்காரன்

எனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. மேலே 'குணம் மாறும்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். ஒரு நாள் கடைக்குள் விழுந்தேன். மறுநாளே கணக்கு முடித்துக் கையில் காசைக் கொடுத்து ஊருக்குப் போ என்றார் முதலாளி. வியாபாரத்துக்குக் கூடாதாம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், தரகர் முதலில் கேட்கிற கேள்வியே 'அந்தப் பிரச்சினை இப்போது எப்படி' என்பதுதான். இதற்கு மேல் மூளைப் படத்தையும் காட்டி 'முன்மடல் சரியில்லை' என்று ஒரு பட்டத்தையும் கட்டிவிட்டால் முடிந்தது கதை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது ஒரு கட்டுரை, எங்களுக்கு அது கழுத்தில் தொங்குகிற பலகை.

பேராதனைப் பெண்

மாத்திரைக்காரன் அண்ணா சொல்வது நியாயம். ஆனால் ஆராய்ச்சியை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள், அதில் உங்கள் பக்கம் பேசுகிற விஷயமும் இருக்கிறது. நான் நரம்பியல் பிரிவில் வேலை செய்கிறேன். தம்பியைப் பார்த்தவர் நான் இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு எழுதியிருக்கிற இந்த நோயை, அதாவது பதின்ம வயதில் தொடங்கித் தசை வெட்டி இழுக்கிற வலிப்பை, ஜெர்மனியில் டீட்டர் யான்ஸ் என்ற வைத்தியர் 1957இல் சக வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து விவரித்து எழுதினார். காலையில் வருகிற வெட்டு, தூக்கம் கெட்டால் கூடுவது, பதின்ம வயதில் தொடங்குவது எல்லாம் அதிலேயே இருக்கிறது. கூடவே, இந்த நோயாளிகள் கவர்ச்சியானவர்கள், ஆனால் கட்டுப்பாடு குறைவு, சொன்ன சொல் கேட்க மாட்டார்கள், மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்கிற மாதிரி குணச்சித்திரமும் எழுதிவைத்தார். பல வருஷம் அது ஒரு முத்திரையாகவே ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1990களில் எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினியில் அளக்கிற முறை வந்தது. 1999இல் லண்டனில் அளந்து பார்த்தபோது இந்த வகை வலிப்பு உள்ளவர்களின் முன்மடலின் உட்பக்கச் சுவரில் சாம்பல் பகுதி சராசரியில் கூடுதலாக இருந்தது. கவனியுங்கள், சுருங்கவில்லை, கூடியிருந்தது. அதற்குப் பிறகு வந்த சில ஆய்வுகளில் குறைவாகவும் வந்திருக்கிறது. ஆகவே 'சுருங்கும்' என்று ஒரே சொல்லில் சொல்கிற வீடியோ அரைகுறை.

எனக்கு மிகவும் பிடித்தது 2011இல் வந்த இன்னொரு லண்டன் ஆய்வு. இது மூளையின் வடிவத்தைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தது. எஃப்.எம்.ஆர்.ஐ. என்பார்கள். மூளையில் ஒரு இடம் வேலை செய்யும்போது அங்கே பிராணவாயு ஏற்றிய இரத்தம் அதிகம் போகும், அந்த மாற்றத்தைக் காந்தம் பிடிக்கும். ஆளைக் குழாய்க்குள் படுக்கவைத்து, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை நினைவில் வைத்து, இதற்கு முன் வந்தது என்ன, அதற்கும் முன் வந்தது என்ன என்று கேட்டுக் கேட்டு வேலையைக் கடினமாக்கிக்கொண்டே போனார்கள். எல்லோருக்கும் முன்மடலும் உச்சி மடலும் சேர்ந்து வேலை செய்தன. இந்த வகை வலிப்பு உள்ளவர்களுக்கு மட்டும், கணக்கு கடினமாக ஆக, கையை அசைக்கிற பகுதியும் கூடவே விழித்துக்கொண்டது. யோசிக்கிற இடத்துக்கும் அசைக்கிற இடத்துக்கும் நடுவில் தொடர்பு வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அதனால்தான் சிலருக்குக் காலையில் மட்டுமில்லாமல், மனக்கணக்குப் போடும்போது, எழுதும்போது, செஸ் மாதிரி யோசித்துக் கை வைக்கிற விளையாட்டில்கூட வெட்டு வரும். தம்பிக்கு அப்படி உண்டா?

சாமிமலைக்காரி

ஐயோ, உண்டு அக்கா! தொகையீட்டுக் கணக்கில் நடுவில் போகும்போது பேனா கொப்பியில் கோடு இழுத்துவிடும். கணக்குக் கொப்பியைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கீறல் இருக்கும். கோபத்தில் கிறுக்குகிறான் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை டொக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பேராதனைப் பெண்

கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கொப்பியையே எடுத்துக்கொண்டு போங்கள். வரிசை நீளமாக இருக்கிற கிளினிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும், பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது மாத்திரைக்காரன் அண்ணாவுக்கு. அதே குழு 2014இல் வலிப்பே வராத உடன்பிறப்புகளையும் இதே மாதிரிப் படமெடுத்துப் பார்த்தது. அவர்களுக்கும் அசைவுப் பகுதி அதே போல விழித்துக்கொண்டது. அவர்கள் ஒரு நாளும் விழுந்ததில்லை, மாத்திரை போட்டதும் இல்லை. அப்படியென்றால் இது வலிப்பு வந்து வந்து மூளை கெட்டுப்போனதால் வந்த மாற்றம் இல்லை, குடும்பத்தில் பிறப்பிலேயே வருகிற ஒரு அமைப்பு. சோம்பேறித்தனம், திமிர், கவனமின்மை என்று வீட்டில் வைக்கிற பெயர்களில் ஒரு பகுதி இந்த அமைப்பின் வேலையாக இருக்கலாம். அதற்காக எல்லாப் பழியையும் முன்மடல் மேல் போடவும் கூடாது, 18 வயதில் யார்தான் சொன்ன சொல் கேட்கிறார்கள்.

உண்மைவிளம்பி

அப்படியென்றால் இந்த அக்காவுக்கும் அதே மூளையா? 😀

சாமிமலைக்காரி

இருக்கலாம், எனக்கும் கணக்கு வராது.

கொழுந்துக்கூடை

நான் தோட்டத்தில் வேலை செய்கிறவள். மகள்தான் போனில் தட்டித் தருகிறாள். எங்கள் மகனுக்கு வந்தது வேறு மாதிரி, ஆனால் அதுவும் முன்மடல்தான் என்றார்கள், அதனால் சொல்கிறேன்.

பகலில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி தூங்கினால் திடீரென்று எழும்பி ஒரு கத்து கத்துவான், கண் திறந்தே இருக்கும், காலைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிப்பான், தலையணையைப் பிடித்துப் பிய்ப்பான். அரை நிமிஷம் இருக்கும், உடனே நின்றுவிடும், என்ன என்று கேட்டால் பதிலும் சொல்வான். ஒரே ராத்திரியில் பல தடவை வரும். லயத்தில் நடுவில் ஒரு சுவர்தானே, பக்கத்து வீடு முழுக்க எழும்பி நிற்கும். மலைக்குப் போகிற வழியில் முனி அடித்துவிட்டது என்றார்கள். கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடித்தோம், கறுப்புக் கயிறு, தாயத்து, சேவல் எல்லாம் செய்தோம். டிஸ்பென்சரியில் கெட்ட கனவு என்று பூச்சி மாத்திரை கொடுத்தார்கள்.

கடைசியில் மகள் ஒரு ராத்திரி லைட்டைப் போட்டுப் போனில் வீடியோ எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மா அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான் வருகிறதா, முதலில் எந்தக் கை இறுகுகிறது என்று கேட்டார். பேய் பிடித்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி ஆடும், இது அச்சுக் குத்தின மாதிரி ஒரே மாதிரி வருகிறது, வலிப்புதான் என்று சொன்னார். முதல் ஸ்கான் நோர்மல். ஈ.ஈ.ஜி.யும் நோர்மல். அப்புறம் வேறு இடத்தில் பெரிய காந்தத்தில் மறுபடி எடுத்தபோது வலது பக்கம் முன்மடலில் சின்னதாக ஒரு இடம் தெரிந்தது. பிறக்கும்போதே மூளையின் தோல் அந்த இடத்தில் சரியாக அடுக்கவில்லை என்றார்கள்.

உண்மைவிளம்பி

அப்படியென்றால் முதல் ஸ்கான் எடுத்தவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள். இதற்குத்தான் கேட்கிறேன், நோர்மல் என்ற அறிக்கையை எப்படி நம்புவது? காந்த அறை, இப்போது பதில் சொல்லுங்கள்.

காந்த அறை

கோட்டை விட்டதாகச் சொல்ல முடியாது, கேட்ட கேள்விக்குத்தான் படம் பதில் சொல்லும். கோரிக்கைத் தாளில் 'பிட்ஸ்' (வலிப்பு) என்று ஒரே ஒரு சொல் எழுதி வந்தால் நாங்கள் தலைக்கு எடுக்கிற வழக்கமான படங்களை எடுப்போம். அதில் ஒரு வெட்டு 5 மில்லிமீட்டர் தடிப்பு, நடுவில் இடைவெளி வேறு. அந்த அக்கா சொல்கிறது குவியப் புறணிக் கோளாறு என்கிற வகை, 1971இலேயே விவரித்து எழுதியிருக்கிறார்கள். சில நேரம் அது ஒரு மடிப்பின் அடியில் மட்டும் இருக்கும். சாம்பல் பகுதிக்கும் நரம்பு இழைகள் ஓடுகிற வெள்ளைப் பகுதிக்கும் நடுவில் இருக்கிற கோடு அங்கே கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான் அடையாளம். தடித்த வெட்டில் அது நழுவிப் போகும்.

உலக வலிப்பு எதிர்ப்பு அமைப்பு 2019இல் இதற்கென்றே ஒரு முறையைப் பரிந்துரைத்தது. மூன்று தொகுதிப் படம்: முழு மூளையையும் இடைவெளி இல்லாமல் 1 மில்லிமீட்டரில் ஒரு தடவை, அதே அளவில் நீரின் பளபளப்பை அடக்கி இன்னொரு தடவை, ஹிப்போகம்பஸுக்குக் குறுக்காக நுண்ணிய வெட்டில் ஒரு தடவை. காந்தத்தின் பலம் 3 டெஸ்லா இருந்தால் நல்லது, 1.5இலும் இதை ஒழுங்காக எடுக்கலாம். இயந்திரத்தைவிட முக்கியம், அறிக்கை எழுதுகிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது. 'தூக்கத்தில் வருகிறது, இடது கை முதலில் இறுகுகிறது' என்று தாளில் இருந்தால் அவர் வலது முன்மடலில் போய் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாகப் பார்ப்பார்.

ஈ.ஈ.ஜி. நோர்மலாக வந்ததிலும் ஆச்சரியம் இல்லை. முன்மடலின் பெரும் பகுதி நடுச் சுவரிலும் கண்ணுக்கு மேலே அடித்தளத்திலும் ஒளிந்திருக்கிறது. தலையில் ஒட்டுகிற கம்பிக்கு அங்கேயிருந்து சத்தம் கேட்காது.

பேராதனைப் பெண்

கொழுந்துக்கூடை அம்மா, உங்கள் மகள் எடுத்த வீடியோ எந்த ஸ்கானுக்கும் குறைந்தது இல்லை. முன்மடல் வலிப்பு இப்படித்தான் வரும்: குறுகிய நேரம், தூக்கத்தில், கூட்டம் கூட்டமாக, கை கால் அடிப்பு பெரிதாக, முடிந்ததும் உடனே தெளிவு. பேய் என்றும் நடிப்பு என்றும் பெயர் வாங்குகிற வலிப்பு இதுதான். வீடியோ எடுக்கிறவர்கள் கவனிக்க: லைட்டைப் போடுங்கள், போர்வையை விலக்குங்கள், முகத்தை மட்டும் எடுக்காமல் முழு உடம்பும் தெரிய எடுங்கள், ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவர் பதில் சொல்கிறாரா என்றும் பதிவாகட்டும். மகனுக்கு இப்போது எப்படி?

கொழுந்துக்கூடை

மாத்திரையில் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. கொழும்புக்கு அனுப்பி ஒப்பரேஷன் செய்ய முடியுமா என்று பார்க்கப் போகிறார்கள். மூளையில் கத்தி வைத்தால் பேச்சு போகுமா, கை போகுமா என்று பயமாக இருக்கிறது.

பேராதனைப் பெண்

அதைப் பார்க்கத்தான் முன்கூட்டியே இத்தனை சோதனை செய்கிறார்கள். அந்த இடம் கையை அசைக்கிற பட்டைக்கும் பேச்சுப் பகுதிக்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள், பேசச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லி எஃப்.எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உண்டு. நெருக்கமாக இருந்தால் செய்ய மாட்டோம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் இந்த மதிப்பீட்டுக்கு அனுப்புவதுதான் முறை, உங்கள் டொக்டர் சரியாகத்தான் செய்கிறார். போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது, இரண்டு ஸ்கானின் சீடியையும் கொண்டுபோங்கள்.

கணக்கு வாத்தியார்

பண்டாரவளைப் பக்கம் படிப்பிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். இந்த முன்மடல் மாற்றம் படிப்பில் எப்படித் தெரியும்? என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள், காக்காய் வலிப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரு கணக்கைத் தனியாகக் கொடுத்தால் போடுகிறாள். நான்கு படி உள்ள கணக்கில் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறாள். சொன்ன வேலையைப் பாதியில் விட்டு வேறொன்றைத் தொடங்குகிறாள். மக்கு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் வாய்ப்பாடு எல்லாம் தண்ணீராக வருகிறது.

பேராதனைப் பெண்

சார், நீங்கள் சொல்வது அச்சாகச் செயலாட்சித் திறன் எனப்படுகிற விஷயம். திட்டமிடுவது, மனத்தில் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் பிடித்துவைப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, வாய்க்கு வந்ததை அடக்குவது. இதை அளக்க ஸ்கான் தேவையில்லை, காகிதமும் கடிகாரமும் போதும். ஒரு நிமிஷத்துக்குள் 'க'வில் தொடங்குகிற சொற்களைச் சொல்லச் சொல்வார்கள். (தமிழில் இந்தச் சோதனை வைக்கும்போது 'கா', 'கி' எல்லாம் சேர்த்தியா என்று பிள்ளைகள் முதலில் கேட்பார்கள், அதிலேயே பத்து வினாடி போகும்.) எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு இழுக்கச் சொல்வார்கள். சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதிவைத்து மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு எந்த வகை வலிப்பு என்று தெரியாமல் முன்மடல் என்று முடிவுகட்டாதீர்கள். வலிப்பு பக்கவாட்டு மடலில் தொடங்குகிறவர்களுக்கும் முன்மடல் வேலை குறைவது உண்டு. சர்க்கரை எங்கே எரிகிறது என்று பார்க்கிற பெட் ஸ்கானில், வலிப்பு தொடங்குவது காதுக்குப் பக்கத்தில் இருந்தாலும் முன்மடலும் மங்கலாக இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறார்கள். 2018இல் 24 ஆய்வு நிலையங்கள் சேர்ந்து வலிப்பு உள்ள 2149 பேரின் எம்.ஆர்.ஐ.யை வலிப்பு இல்லாத 1727 பேரோடு ஒப்பிட்டன. வகைகளைத் தனித்தனியாகப் பிரித்தாலும் பொதுவாக வந்தவை: மூளையின் நடுவில் செய்திகளைக் கடத்துகிற தலாமஸ் வலது பக்கம் கொஞ்சம் சிறிது, முன்மடலின் பின் ஓரத்தில் அசைவுக்கான பட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் மெல்லியது. அந்தக் 'கொஞ்சம்' கூட்டத்தில் தெரிகிற கொஞ்சம், காந்த அறை கூடையை வைத்துச் சொன்னாரே, அதே கதை. மூளை துண்டு துண்டாக வேலை செய்வதில்லை, ஒரு மூலையில் கோளாறு என்றால் அதோடு கம்பி போட்டிருக்கிற மற்ற மூலைக்கும் அது தெரியும்.

மருந்தும் காரணமாக இருக்கலாம். டோபிரமேட் சொல் தேட வைக்கும், லெவெடிரசெட்டம் சிலருக்குச் சினத்தைக் கிளப்பும். தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் வகுப்பில் இதே மாதிரித்தான் தெரியும். வீட்டாரிடம் சொல்லி கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை நான்கு படிக் கணக்கைப் பலகையில் நான்காகப் பிரித்து எழுதிப் போடுங்கள்.

உண்மைவிளம்பி

பார்த்தீர்களா, கடைசியில் மருந்தும் மூளையைப் பாதிக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். ஸ்கான் நோர்மல், மருந்தால் பக்க விளைவு. நான் இருந்தால் நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியம் பார்ப்பேன்.

மாத்திரைக்காரன்

தம்பி, நீங்கள் இருந்தால் நிறுத்துவீர்கள், நான் இருந்து நிறுத்திப் பார்த்தவன். ஒரே மூச்சில் மாத்திரையை விட்டால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வரலாம், ஐ.சி.யூ.வில் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததைப் பேசாதீர்கள்.

பேராதனைப் பெண்

அண்ணா சொன்னதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 வீதம் வரை வலிப்பில்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தம்பியின் வகைக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இன்னொரு வினோதம், மேலே சொன்ன 2011 ஆய்வில் வல்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரையை அதிகம் எடுத்தவர்களுக்கு அந்த வேண்டாத அசைவு விழிப்பு குறைவாக இருந்தது. மருந்து வேலை செய்வது படத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே வல்புரோயேட்டைப் பெண் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் கொடுக்கத் தயங்குவார்கள். கர்ப்ப காலத்தில் எடுத்தால் பத்துக் குழந்தையில் ஒன்றுக்கு உடல் குறைபாடு, பத்தில் மூன்று நான்கு பிள்ளைக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்னடைவு வரலாம். அதை வாசித்துவிட்டுத் தானாக நிறுத்தாமல், கல்யாணம் பேசுகிறபோதே கிளினிக்கில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கார்பமசெபின் இருக்கிறதே, கொழுந்துக்கூடை அம்மா மகனுக்கு வருகிற மாதிரி வலிப்புக்கு நல்ல மருந்து, தம்பிக்குக் கொடுத்தால் வெட்டு கூடிவிடலாம். அதனால் பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

சாமிமலைக்காரி

ஒரு கடைசிக் கேள்வி. மறுபடி காசு கொடுத்துத் தனியாரில் பெரிய காந்தத்தில் எடுக்க வேண்டுமா? அப்பா நகையை அடகு வைக்கலாம் என்கிறார்.

காந்த அறை

வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். கொழுந்துக்கூடை அக்கா மகனுக்குத் தேட ஒரு காரணம் இருந்தது, தம்பிக்கு இல்லை. சீடியை மட்டும் பத்திரமாக வையுங்கள், அறிக்கைத் தாள் தொலைந்தாலும் பரவாயில்லை.

நகை என்றதும் நினைவுக்கு வருகிறது, இதை வாசிக்கிற அம்மாமார் யாராவது ஸ்கானுக்கு வருவதாக இருந்தால்: தாலி, மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு வாருங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, பிரச்சினை தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கிற ஊக்கு. அது பறக்கும். தாயத்துக் கூட்டின் மூடி தகரமாக இருந்தால் அதுவும். வாசலில் வந்து கழற்ற மாட்டேன் என்று அழுகிற அம்மாமாரைச் சமாதானப்படுத்தவே எங்களுக்கு அரை மணி நேரம் போகிறது.

அந்தத் தம்பி

நான்தான் அந்தத் தம்பி. அக்காவின் போனில் முழுவதையும் வாசித்தேன். எனக்கு இரண்டு கேள்வி. பொறியியல் படிக்கலாமா? பைக் ஓடலாமா?

பேராதனைப் பெண்

பொறியியல் தாராளமாக. பைக் இப்போது இல்லை, வலிப்பு நின்று டொக்டர் சொல்லும் வரைக்கும் இல்லை. ஆற்றில் தனியாகக் குளிப்பது, உயரத்தில் ஏறுவது இரண்டும் அதே கணக்கு. விழுந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, இரும்பு வேண்டாம், 5 நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. இதைப் பக்கத்துக் காம்பறா மாமாவிடம் நீங்களே சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். உங்கள் மூளைக்கு விடிய விடியப் படிப்பது விஷம்.

அந்தத் தம்பி

தூங்கச் சொல்கிறீர்கள், சரி. டியூஷன் காலை 5.30க்கு. பஸ்ஸுக்கு 4 மணிக்கு எழும்ப வேண்டும். சாரிடம் கேட்டேன், நேரத்தை மாற்ற முடியாது, விருப்பமில்லை என்றால் வர வேண்டாம் என்கிறார்.

கணக்கு வாத்தியார்

மாலை வகுப்பு நான் எடுக்கிறேன், இணையத்தில், ஞாயிறு தவிர எல்லா நாளும் 4 மணிக்கு. தொகையீடு அடுத்த வாரம் தொடங்குகிறேன். தனிச் செய்தியில் உங்கள் நம்பரை அனுப்புங்கள். காசு பற்றி இப்போது பேச வேண்டாம். கீறல் விழுந்த கொப்பியோடே வந்து உட்காருங்கள்.